இலையும் மிச்சம், பசியும் மிச்சம்

ஒற்றைப்பனை மடத்துக் குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தெட்டு. முதல்முறை வருகிறவர்கள் நரைத்த தாடியைக் கண்டதும் நேரே சீடர் காலில் போய் விழுந்துவிடுவார்கள். அவர் பதறிப் பின்வாங்கி, அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் வடிவம்மையைக் கைகாட்டுவார். "குரு அங்கே இருக்காங்க."

சீடர் பெயர் உலகநாதர். சமஸ்தானத்தில் இருபத்தைந்து வருஷம் கணக்கராக இருந்தவர். ஆடு, மாடு, பனைமரம், குடிசை, எதைக் காட்டினாலும் எண்ணிவிடுவார். ஒருநாளும் பிசகியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. வேலையை விட்டுவிட்டு மடத்துக்கு வந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வியும் அதைப் பற்றித்தான்.

"ஓர் ஊரை எண்ணி முடிச்சுட்டோம்னு எப்போம்மா தெரியும்?"

"கீரை ஆயத் தெரியுமா?" என்று கேட்டார் வடிவம்மை.

இரண்டு வருஷமாக ஆய்ந்துகொண்டிருந்தார்.

அந்தப் பங்குனியில் வெயில் கொளுத்தியது. இந்த வருஷம் ஒரே ஒரு கிணறு வெட்டித் தருவதாகச் சமஸ்தானம் சொல்லியிருந்தது. எந்த ஊருக்குத் தண்ணீர் போதவில்லையோ அந்த ஊருக்கு. மடத்தை அடுத்த உவரேந்தல்காரர்கள் எங்களுக்குத்தான் என்றார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். நீர் அதிகாரி ஆதிமூலம் வந்து இறங்கினார். கறாரான மனிதர். கண்டிப்பு என்றால் கண்டிப்பு, அப்பன் சொன்னாலும் ஓலையில் இருக்கிறதா என்று கேட்கிற ஆள்.

"உலகநாதர் எண்ணித் தரட்டும். அவர் எண்ணினா எனக்கு வேதவாக்கு" என்றார்.

உலகநாதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு அன்றே கிளம்பினார்.

உவரேந்தலில் தண்ணீர் எடுக்க மூன்று இடம். ஊர்க் கிணறு, ஊருணி, அப்புறம் ஆற்று மணலில் தோண்டிய ஊற்று. மூன்றிலும் ஒவ்வொரு பானை வைத்தார். தண்ணீருக்கு வருகிற வீட்டார், வீட்டுக்கு ஒரு விதை போட வேண்டும். கிணற்றுப் பானையில் புளியங்கொட்டை, ஊருணிப் பானையில் வேப்பங்கொட்டை, ஊற்றுப் பானையில் ஆமணக்கு முத்து. பெண்கள் சிரித்துக்கொண்டே போட்டார்கள். மூன்று நாள் கழித்து எண்ணினார். கிணறு ஐம்பத்தெட்டு, ஊருணி நாற்பத்தொன்பது, ஊற்று முப்பத்தேழு. ஓலையில் எழுதி, மூன்றுதரம் சரிபார்த்து, திங்கட்கிழமை ஊர்க்கூட்டத்தில் அதிகாரியிடம் கொடுத்தார்.

ஆதிமூலம் மனசுக்குள் கூட்டினார். பிறகு இன்னொருதரம் கூட்டினார். பிறகு சிரித்தார்.

"நூத்தி நாப்பத்தி நாலு! ஊர் ஓலையில இருக்கிற குடியே நூத்தி இருவதுதான். உவரேந்தல்ல தண்ணி குடிக்க ஆள் பத்தலை போலிருக்கே!"

பக்கத்து ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒருத்தி எழுந்தாள். பெயர் இருளாயி. உப்பங்கழிக்கு அந்தப் பக்கம், உவரேந்தலைச் சேர்ந்த உப்பளத்துக் குடிசைகளில் ஒன்றில் இருப்பவள். வெயிலில் உப்பு வாரி வாரி அவள் கால் இரண்டும் வெடித்துக் கிடந்தன.

"சாமி, எங்க பக்கத்து ஆளுகளுக்கு இந்த மூணு இடமும் எட்டாது. கழியைச் சுத்திக்கிட்டு வர முடியலை. ரெண்டு கல் நடந்து அடுத்த ஊர்ல கெஞ்சித்தான் எடுக்கிறோம். போன வருஷம் குடத்தோட விழுந்து என் மக வயித்துப் பிள்ளையைப் பறிகொடுத்தா. இப்ப மறுபடி ஆறு மாசம். மருமகன் தோணியில போயிருக்கான். அவதான் இன்னமும் குடம் தூக்குறா."

"ஊருக்கு ஒரு அம்மா இப்படி அழத்தான் செய்யுது" என்றார் ஆதிமூலம். "நான் கண்ணீரை எண்ணுறதில்லைம்மா. கணக்கைத்தான் எண்ணுவேன். உங்க கணக்கர் எண்ணினதே குடிக்கு மேல இருவத்திநாலு மிச்சம் விழுது. இதுல தண்ணியில்லாத வீடு எங்கேயிருந்து வரும்? வெள்ளிக்கிழமை உச்சிக்கு முத்திரை போடுறேன். கிணறு பக்கத்து ஊருக்கு."

இருளாயி உலகநாதரைப் பார்த்தாள். திட்டவில்லை, சபிக்கவில்லை, வெறுமனே பார்த்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் காலையில் அவள் மகள் சோலையம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு மடத்துக்கே வந்துவிட்டாள். பாதையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டதாம் பெண். இரண்டு பேரும் இங்கேயே இருங்கள் என்று வடிவம்மை உள்ளே ஒரு பாய் விரித்துக் கஞ்சியும் கொடுத்தார்.

உலகநாதர் குருவின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, நான் ஒரு விதை கூடப் போடலை, ஒரு விதை எடுக்கலை. என் கணக்கு எப்படிம்மா பொய் சொல்லும்?"

"சாப்பாட்டு நேரமாச்சு. வழிநடைக்காரங்க நிறைய வந்திருக்காங்க. இன்னிக்குக் கம்பங்களியும் இருக்கு, தினைச்சோறும் இருக்கு. எத்தனை இலைன்னு கேட்டு அறுத்துப் போடுங்க."

இந்த அம்மாவுக்கு ஊர்த் துக்கம் உறைக்கவே உறைக்காதா என்று அவருக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் முற்றத்துக்குப் போனார்.

"களி யாருக்கு வேணும்?"

பதினான்கு கை உயர்ந்தது.

"சோறு யாருக்கு?"

பதினொரு கை.

கொல்லைக்குப் போய் இருபத்தைந்து இலை அறுத்துவந்து வரிசையாகப் போட்டார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். எட்டு இலை சும்மா கிடந்தது. வடிவம்மை களிச்சட்டியோடு வந்து அந்த எட்டையும் பார்த்தார்.

"இலை மிச்சம் போலிருக்கே."

"ஆமாம்மா. ரெண்டுக்கும் கை தூக்கினவங்க எட்டுப் பேர் இருந்திருக்காங்க. ஆளுக்கு ரெண்டு இலை அறுத்துட்டேன்."

"சரி. எல்லாரும் உட்கார்ந்தாச்சா?"

"ஆச்சு. இலையே மிச்சம் இருக்கே."

வடிவம்மை வாசல் சுவரைப் பார்த்தார். வருகிறவர்கள் கைக்கம்பை வாசல் சுவரில் சாத்திவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், அது மடத்து வழக்கம். உலகநாதரும் பார்த்தார். பார்த்தால் எண்ணாமல் இருக்க அவரால் முடியாது. எண்ணினார்.

இருபது கம்பு.

பந்தியில் பதினேழு பேர்.

அவர் கொல்லைப்பக்கம் ஓடினார். விறகுக்கட்டுக்குப் பின்னால், நிழலில், ஒரு கிழவரும் அவர் மனைவியும் மைத்துனனும் நடந்த களைப்பில் அப்படியே கண்ணயர்ந்து கிடந்தார்கள். களியா சோறா என்று கேட்டது அவர்கள் காதில் விழவே இல்லை. எழுப்பிக் கூட்டிவந்து உட்கார வைத்தார்.

"இலையும் மிச்சம்" என்றார் வடிவம்மை, களியை உருட்டி வைத்துக்கொண்டே. "பசியும் மிச்சம்."

உலகநாதர் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு நழுவித் தரையில் உருண்டது.

"கிணத்துல போட்டவளே ஊருணியிலயும் போட்டிருக்கா!" என்று கத்தினார். பந்தியில் இருந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். "ஒரே வீட்டை ரெண்டு தரம் எண்ணியிருக்கேன்! அதனாலதான் மிச்சம். மிச்சத்துக்கு அடியில தண்ணியே இல்லாத வீடு ஒளிஞ்சு கிடக்கு!"

"அதான் சாமி நான் சொன்னேன்" என்று இருளாயி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "எங்க பக்கம் மொத்தம்..."

"சொல்லாதே!" வடிவம்மையின் குரல் அவ்வளவு உரக்க வந்து யாரும் கேட்டதில்லை. "உன் பக்கத்துல எத்தனை குடின்னு வெள்ளிக்கிழமை வரைக்கும் இவர்கிட்ட மூச்சு விடாதே. இவரும் கழியைத் தாண்டிப் போகக் கூடாது. நீ சொல்லித்தான் எழுதினார்னு அதிகாரி ஒரு வார்த்தையில தள்ளிடுவார்."

உலகநாதர் இலையில் கூட உட்காராமல் கிளம்பினார். அன்றைக்கு மிச்சப் பொழுதும் புதனும் கிணற்றடியில் நின்றார். வருகிற ஒவ்வொரு வீட்டாரையும் கேட்டார். ஊருணியிலும் எடுப்பீங்களா? ஊற்றிலும் எடுப்பீங்களா? வியாழன் முழுக்க ஊருணிக் கரையில் நின்று ஊற்றைப் பற்றிக் கேட்டார். பெண்கள் கேலி பேசினார்கள். "தாத்தாவுக்குத் தாகம் எடுத்திருச்சு, எங்கே குடிக்கிறதுன்னு தெரியலை!" அவர் கண்டுகொள்ளவில்லை.

கிணறும் ஊருணியும் என்றவர்கள் பதினெட்டு வீடு. கிணறும் ஊற்றும் பதினொன்று. ஊருணியும் ஊற்றும் பன்னிரண்டு. வழியிலேயே கூட்டிக் கழித்துக்கொண்டு, சாயங்காலம் மடத்துக்குள் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"கிடைச்சிருச்சும்மா! இரட்டையா விழுந்தது மொத்தம் நாப்பத்தொண்ணு. நூத்தி நாப்பத்தி நாலுல அதைக் கழிச்சா நூத்தி மூணு. நூத்தி இருவதுல மிச்சம் பதினேழு. பதினேழு குடிக்குத் தண்ணியில்லை!"

இருளாயி வாயைத் திறந்தாள். உடனே முந்தானையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். கண் இரண்டும் பிதுங்கின. பாவம், அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

வடிவம்மை அதைப் பார்த்தார். எழுந்துபோய்த் துணிக்கொடியாகக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவந்து சீடரின் எதிரே உட்கார்ந்தார். ஒரு முடிச்சுப் போட்டார். இரண்டாவது போட்டார். மூன்றாவதும் போட்டார். பிறகு ஒவ்வொன்றாக மூன்றையும் அவிழ்த்தார்.

"கயித்தைப் பாருங்க. யாராவது முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கா?"

"இல்லைம்மா."

"அப்போ யாருமே போடலையா?"

"நீங்கதான் போட்டீங்க."

"கயிறு அப்படிச் சொல்லலையே. ஆனா போட்டவ இங்கேதானே உட்கார்ந்திருக்கேன்?"

உலகநாதர் கயிற்றைப் பார்த்தார். மூன்று முடிச்சு. மூன்றும் அவிழ்ந்தது. மூன்று... கிணற்றடியில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னது நினைவுக்கு வந்தது. "எங்க வீட்ல பதினாறு பேரு தாத்தா. ஒரு இடத்துல எடுத்தா எப்படிக் காணும்? மூணுலயும்தான் எடுப்போம்." அவளைப் போல இன்னும் ஐந்து வீடு. ஓலையின் ஓரத்தில் குறித்தும் வைத்திருந்தார்.

"ஆறு வீடும்மா" என்றார் மெதுவாக. "மூணு பானையிலும் போட்ட வீடு ஆறு. மூணு தரம் சேர்த்தேன். அப்புறம் கிணறும் ஊருணியும்னு ஒருதரம் கழிச்சேன், கிணறும் ஊற்றும்னு ஒருதரம், ஊருணியும் ஊற்றும்னு ஒருதரம். மூணு தரமும் கழிச்சு அவங்களை ஊரைவிட்டே விரட்டிட்டேன். அவங்க பாட்டுக்கு அங்கே சோறாக்கிக்கிட்டு இருக்காங்க!"

"கூப்பிட்டுக்குங்க."

"நூத்தி மூணும் ஆறும் நூத்தி ஒன்பது. மிச்சம்..."

அவர் எண்ணைச் சொன்னதும் இருளாயி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள். உள்ளே அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. உலகநாதர் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. ஊருணிக்கரை ஆலமரத்தடியில் இரண்டு ஊரும் கூடியிருந்தது. ஆதிமூலத்தின் மடியில் முத்திரை தயாராக இருந்தது. உலகநாதர் நடுவே போய் நின்றார்.

"அன்னிக்கு நான் கொடுத்த மூணு எண்ணும் சரி. அதைக் கூட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. தப்பு என்னோடது" என்றார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. அவரோடு வேலை பார்த்த பழைய கணக்கர்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு எல்லாவற்றையும் விரல்விட்டு விளக்கினார். இரட்டையாக விழுந்ததைக் கழித்ததையும், மூன்றிலும் இருந்தவர்களைத் திரும்பச் சேர்த்ததையும் சொன்னார். ஒரு துண்டு ஓலையில் ஓர் எண் எழுதி, சுருட்டி, அதிகாரி கையில் கொடுத்தார்.

"இத்தனை குடி மூணு இடத்துக்கும் வரலை."

ஆதிமூலம் கண்ணை இடுக்கினார். "அந்த அம்மா காதுல ஓதிட்டாளோ?"

"ஒரு வார்த்தை சொல்லலை. நானும் கழியைத் தாண்டலை. உங்க குதிரைக்காரனை அனுப்பி எண்ணச் சொல்லுங்க. நான் எழுதினதுக்கு ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் நீங்க முத்திரை போட்டுக்கலாம்."

குதிரை கிளம்பிப் போனது. உலகநாதர் நின்ற இடத்திலேயே நின்றார். வெயில் தலையைப் பிளந்தது. உட்காரச் சொல்லி யாரோ மனைப்பலகை போட்டார்கள், அவர் உட்காரவில்லை. ஒரு விதை பிசகியிருந்தால்? கிணற்றடியில் எவளாவது விளையாட்டுக்கு ஒன்று மாற்றிச் சொல்லியிருந்தால்?

குதிரைக்காரன் வியர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினான்.

"ஒவ்வொரு அடுப்பா எண்ணிட்டேங்க. உச்சி நேரம், எல்லா வீட்லயும் உலை கொதிக்குது. பத்து அடுப்பு."

ஆதிமூலம் ஓலைச்சுருளைப் பிரித்தார். படித்தார். "பதினொண்ணு" என்றார். அவர் குரலில் கேலி இல்லை, கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. "யானைக்கும் அடி சறுக்கும் உலகநாதரே."

பக்கத்து ஊர்ப் பக்கமிருந்து ஒரு விசில் பறந்தது. பத்தா? எங்கே பிசகினேன்? உலகநாதர் கூட்டத்தில் குருவைத் தேடினார். வடிவம்மை அவரைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் நின்றிருந்த இருளாயியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருளாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து வந்தாள். இந்த முறை அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"தம்பி, கடைசிக் குடிசையில படல் சாத்தியிருந்துச்சா?" என்று குதிரைக்காரனைக் கேட்டாள்.

"ஆமாக்கா. ஆளில்லைன்னு விட்டுட்டு வந்துட்டேன்."

"அது என் வீடு. செவ்வாக்கிழமையிலேருந்து அடுப்புப் பத்த வைக்கலை." அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "பதினோராவது குடி நாங்க சாமி. இங்கேதானே நிக்கிறோம்!"

கூட்டத்தில் எங்கோ ஒருத்தி குலவை போட்டாள். அவ்வளவுதான், உவரேந்தல் முழுக்கக் குலவை போட்டது. பதினாறு பேர் குடும்பத்துக்காரி கையில் இருந்த குடத்தைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். யாரோ உலகநாதரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். "விடுங்கடா, விடுங்கடா, இடுப்புப் பிடிச்சுக்கும்!" என்று அவர் சிரித்துக்கொண்டே அழுதார். பக்கத்து ஊர்க்காரர்களில்கூட இரண்டு பேர் கைதட்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

ஆதிமூலம் அந்தச் சின்ன ஓலையைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார். பிறகு முன்பே எழுதி வைத்திருந்த உத்தரவை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"கிணறு உப்பளத்து மணல்மேட்டுக்கு" என்று எழுதி முத்திரை போட்டார். இருளாயியை நிமிர்ந்து பார்க்காமலே குதிரையேறிப் போனார்.

ஆடி பிறக்கும்போது கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது. இளநீர் மாதிரித் தண்ணீர். சோலையம்மாளுக்கு ஆனிக் கடைசியில் ஆண்பிள்ளை பிறந்தது. முதல் வாளி இறைத்ததும் இருளாயி அந்தப் பிள்ளையின் உள்ளங்காலைத்தான் நனைத்தாள். வீல் என்று கத்தினான் பயல். ஊரே சிரித்தது. உலகநாதர் நாலாவதாக ஒரு பானை கொண்டுவந்து கிணற்றடியில் வைத்தார். உப்பளத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அதில் இலுப்பைக்கொட்டை போட்டார்கள். பதினொன்றும் விழுகிற சத்தத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

மடத்தில் அன்று பெரிய பந்தி. உலகநாதர் இந்த முறை களி யாருக்கு, சோறு யாருக்கு என்று கேட்கவே இல்லை. நேரே வாசல் சுவருக்குப் போனார். அறுபத்து மூன்று கம்பு. கொல்லையில் அறுபத்து மூன்று இலை அறுத்து வந்து, விரித்து, தண்ணீர் தெளித்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஓர் இலை மிச்சமில்லை, ஓர் ஆள் நிற்கவில்லை. அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. வடிவம்மையிடம் போனார்.

"அம்மா, வந்த அன்னிக்கு ஒண்ணு கேட்டேன். ஓர் ஊரை எண்ணி முடிச்சுட்டோம்னு எப்போ தெரியும்னு."

"ம்."

"இன்னிக்கு முடிச்சுட்டேன்மா. கம்பை எண்ணித்தான் இலை போட்டேன்."

வடிவம்மை சோற்றுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"கம்பில்லாம வந்தவங்களை?"

உலகநாதர் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தார். விறகுக்கட்டுக்குப் பின்னால் ஒருவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். குதிரையில்லை, சேவகன் இல்லை, முகமெல்லாம் புழுதி. ஆதிமூலம்.

உலகநாதர் இன்னோர் இலை அறுக்கப் போனார்.